அந்தப் புள்ள இவனுக்கு என்ன முறை?

ஏப்ரல் 15 வந்துவிட்டால் எங்கள் பக்கம் விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று 61 நாள் தடை. நான் கல்லூரிக்குப் போன காலத்தில் 45 நாள்தான் இருந்தது. 2017-ல் ஜூன் 14 வரைக்கும் நீட்டிவிட்டார்கள். கடலுக்குப் போகாத ஆம்பளையை இரண்டு மாதம் வீட்டில் வைத்துச் சமாளிப்பது எப்படி என்று எங்கள் ஊர்ப் பொம்பளைகள் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம். காலையில் படகுக்குப் பெயின்ட் அடிக்கப் போவார்கள், வலையை விரித்துப் போட்டுப் பொத்தல் பார்ப்பார்கள். மத்தியானம் சோறு தின்றதும் டி.வி. முன்னால் விழுந்துவிடுவார்கள்.

அப்படி ஒரு மத்தியானம். பாம்பனில் எங்கள் வீட்டுக் கூடத்தில் எட்டுப் பேர். நாற்காலியில் அப்பா, அடுப்படி வாசலில் அம்மா, தம்பி, தம்பி பெண்டாட்டி, அவர்களுடைய பிள்ளைகள் இரண்டு, ராமநாதபுரத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நான். சுவரில் சாய்ந்து காலை நீட்டி, வெற்றிலை உரலோடு அப்பத்தா.

டி.வி.யில் ஏதோ நகைச்சுவைப் படம். ஒரு டீக்கடை. நாயகனும் கூட்டாளிகளும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். கூடையில் மாம்பழம் சுமந்துகொண்டு ஒரு பெண் அந்தப் பக்கம் போகிறாள். மிச்சத்தை நான் எழுத வேண்டியதில்லை. தமிழ்ப் படம் பார்த்துப் பழகிய யாருக்கும் அந்த மாம்பழம் எங்கே போய் முடியும் என்று தெரியும்.

அடுத்த பத்து நொடியில் எங்கள் கூடத்தில் நடந்ததுதான் நல்ல நகைச்சுவைக் காட்சி. அப்பா ஓடாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அம்மாவுக்கு அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வந்துவிட்டது. அடுப்பை அணைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தம்பி ரிமோட்டைத் தேடினான். அது அவன் மடியிலேயே கிடந்தது. அவன் பெண்டாட்டி மகளைப் பிடித்து இழுத்துப் பேன் பார்க்க ஆரம்பித்தாள். மருமகன் மட்டும், “எதுக்கும்மா அவங்கெல்லாம் சிரிக்கிறாங்க?” என்று டி.வி.யைக் காட்டிக் கேட்டான்.

அப்பத்தா உரலை இடிப்பதை நிறுத்தினாள்.

“ஏன்டா, அந்தப் புள்ள இவனுக்கு என்ன முறை வேணும்?”

தம்பி, “முறையெல்லாம் ஒண்ணுமில்ல அப்பத்தா, ரோட்டுல போற புள்ள” என்றான்.

“முறை இல்லாமயா இந்தப் பேச்சுப் பேசுறான்?” கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு கூடையோடு போய்விட்டிருந்தாள். “அது ஒண்ணும் திருப்பிச் சொல்லலையே. பாவம், ஊமையா?”

தம்பி சேனலை மாற்றிவிட்டான். எனக்கு அந்த இரண்டு கேள்வியும் மாறவில்லை. இந்தப் பதிவே அதற்காகத்தான்.

அப்பத்தாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைச் சேலை, திருநீறு, நாலு நல்ல வார்த்தை என்று நீங்கள் ஒரு படம் போட்டிருந்தால் அழித்துவிடுங்கள். எங்கள் தெருவிலேயே கெட்ட வாய் அவளுக்குத்தான். மீன் ஏலத்தில் அவள் கூடையை வைத்தால் வியாபாரிகள் ஒரு எட்டுத் தள்ளி நிற்பார்கள். விலையைக் குறைத்துக் கேட்டவனுடைய மீசையில் ஆரம்பித்து அவன் கல்யாண ராத்திரி வரைக்கும் போவாள். கேட்டவனும் விட மாட்டான். சுற்றி நிற்கிறவர்கள் சிரித்துச் சிரித்து, கடைசியில் நண்டு அவள் சொன்ன விலைக்கே போகும். அந்த அப்பத்தாவுக்குத்தான் டி.வி.யில் வந்த மாம்பழம் பிடிக்கவில்லை. ஆகவே இதை ‘அந்தக் காலத்தில் எல்லாரும் கண்ணியமாகப் பேசினார்கள்’ என்கிற கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். யாரும் அப்படிப் பேசவில்லை.

கரண்ட் போன ராத்திரிகளில் அவள் விடுகதை போடுவாள். “எச்சில் தொட்டு நிமித்து, ஓட்டையைப் பார்த்து நுழை. போனாச் சிரிப்பு, போகாட்டி வெறுப்பு. அது என்ன?” நாங்கள் சின்னப் பிள்ளைகள் முந்திக்கொண்டு, “ஊசியில நூல்!” என்று கத்துவோம். சரியான விடைதான். அதற்குப் போய் அயித்தைமார்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஏன் குலுங்குகிறார்கள் என்று எங்களுக்கு விளங்காது. எனக்கு விளங்கியது கல்யாணத்துக்குப் பிறகு, ஒரு நாள் ரவிக்கைக்கு ஊக்கு தைக்க உட்கார்ந்தபோது. தனியாகச் சிரித்தேன். அந்த விடுகதையில் ஒரு பொய்யும் கிடையாது. ஊசி நிஜம், நூல் நிஜம், எச்சிலும் நிஜம். அதற்கு அடியில் இன்னொன்று படுத்திருக்கிறது. வயசு வந்தவர்களுக்கு மட்டும் கண்ணைச் சிமிட்டும். பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்து ஆளுக்கொரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போகலாம்.

தமிழ்ப் பாடத்தில் இதன் அக்காளை நமக்கு அறிமுகம் செய்திருக்கிறார்கள். சிலேடை. காளமேகப் புலவர் பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பாவைப் போட்டால், பாம்பாக வாசித்தாலும் சரியாக வரும், எள்ளாக வாசித்தாலும் சரியாக வரும். ஒன்று நொண்டினால் பாட்டு செத்தது. இப்போதைய படங்களில் ‘இரட்டை அர்த்தம்’ என்று பெயர் வாங்கியிருக்கும் வசனங்களைக் கொஞ்சம் உரசிப் பாருங்கள். முதல் அர்த்தம் எங்கே? அந்த மாம்பழக்காரியிடம் யாராவது விலை கேட்டார்களா? ஒரு கிலோ வாங்கினார்களா? மாம்பழம் என்ற சொல் அங்கே மாம்பழத்துக்காக வரவே இல்லை. ஒற்றை அர்த்தம்தான், அதற்கு வேறு பெயர் வைத்து விற்கிறார்கள். போதாக்குறைக்கு, சொன்னவன் நாக்கைக் கடித்துக்கொண்டு கேமராவைப் பார்ப்பான், பின்னணியில் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் வரும். நமக்குப் புரியாமல் போய்விடுமோ என்று அவர்களுக்கு அவ்வளவு பயம்.

சரி, முறைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் யார் யாரைக் கேலி பண்ணலாம் என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மாமனும் மச்சானும் என்ன வேண்டுமானாலும் பேசலாம். கொழுந்தன் மதினியைச் சீண்டலாம். மதினி கொழுந்தனைக் கண்ணீர் வர வைக்கலாம். அயித்தை மகளுக்கு மஞ்சத்தண்ணி ஊற்றலாம். அவள் சாணியைக் கரைத்து ஊற்றினால் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அண்ணன் தங்கச்சி முறை உள்ளவர்கள் அந்த இடத்தில் இருந்தால் அத்தனையும் அடங்கிவிடும். “ஏய், தம்பி இருக்கான்” என்று ஒரு குரல் வரும், பேச்சு மழையைப் பற்றித் திரும்பிவிடும். நாகரிகம், பண்பாடு என்று பெரிய வார்த்தை எதுவும் இதற்கு வேண்டாம். போக்குவரத்து விதி மாதிரிதான். எந்த வண்டி எந்தப் பக்கம் வரும் என்று தெரிந்தால் வேகமாக ஓட்டலாம்.

அந்த வேகத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டில் முன்பாட்டுக்காரர் ஒரு வரி விடுவார், கயிற்றைப் பிடித்திருக்கிற இருபது பேரும் ஏலேலோ போடுவார்கள். கரையில் மீன் வாங்கக் காத்திருக்கிற மதினிமார் யார் யார் என்று பார்த்து, வரி அதற்கேற்ப வளைந்துகொண்டே போகும். அந்த மதினி இடுப்பில் கூடையை வைத்தபடியே ஒன்றைத் திருப்பி வீசுவாள். கயிறு ஒரு நிமிடம் நின்றுவிடும். ஆட்கள் சிரித்து முடித்தால்தானே இழுக்க முடியும்.

பொம்பளைகள் மட்டும் இருக்கிற இடத்தில் கேட்க வேண்டாம். என் அம்மா சின்னப்பாலத்துக்காரி. பாசி எடுக்கிற குடும்பம். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் என்று மாதத்தில் 12 நாள் தண்ணீருக்குள் வேலை. கண்ணுக்குக் கண்ணாடி, விரலில் துணி சுற்று, காலில் தகடு கட்டிக்கொண்டு மூச்சை அடக்கி முங்கி, பாறையிலிருந்து பாசியைப் பறித்து வருவார்கள். வள்ளத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் போய்வரும்போது நடக்கிற பேச்சைப் பதிவு பண்ணி யாராவது திரைக்கதை எழுதினால் தணிக்கைக் குழு எழுந்து ஓடிவிடும். புருஷன், மாமியார், டாக்டர், ஏஜென்ட், சாமியார் யாரும் மிச்சமில்லை. நான் கல்யாணமான புதிதில் ஒரு தரம் கூடப் போனேன். குளிரில் நடுங்கினேனா சிரிப்பில் நடுங்கினேனா என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. காலெல்லாம் பாறை கிழித்து உப்புத் தண்ணீர் எரியும்போது மனுஷிக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருக்கிறது. அதைப் ‘பச்சை’ என்று சொல்லி ஒதுக்குகிறவர்கள் முதலில் அந்தத் தண்ணீரில் இறங்கிப் பார்க்கட்டும்.

ஆக, எனக்குக் கெட்ட பேச்சோடு சண்டை இல்லை. கெட்ட பேச்சில் நான் கொஞ்சம் தேறினவள் என்றே சொல்லலாம்.

மேடைக்கும் இது தெரிந்திருந்தது. சித்திரை வைகாசியில் உள்ளூர்க் கோயில் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம் போடுவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது. ராத்திரி பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிகிற வரைக்கும் போகும். வேடனும் வள்ளியும் தர்க்கம் பண்ண வருவதற்கு முன்னால் பபூன் வருவார். வந்ததும் முதலில் கும்பிடு. பெரியவர்கள், தாய்மார்கள் மன்னிக்க வேண்டும் என்று ஒரு பாட்டம். அந்தக் கும்பிட்டைப் பார்த்ததுமே, வரப்போவது என்ன என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். எங்கள் அப்பா எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். தன் தங்கச்சிமார் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அவருக்கு உட்காரத் தோதுப்படாது. பபூன் பேச ஆரம்பித்தால் பக்கவாட்டில் இருந்து டான்ஸ்காரம்மா வருவார். அந்த அம்மாவிடம் பபூன் மாட்டிக்கொண்டு முழிப்பதுதான் காட்சி. பபூன் ஒரு வார்த்தை விட்டால் அந்த அம்மா இரண்டு விடுவார். ஆர்மோனியக்காரர் நடுவில் புகுந்து பபூன் காலை வாருவார். யாருக்கும் வசனம் எழுதி வைக்கவில்லை. கூட்டம் எந்தப் பக்கம் சிரிக்கிறதோ அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டே போவார்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். விடிந்ததும் அதே டான்ஸ்காரம்மா பஸ்ஸுக்கு நிற்கும்போது ராத்திரி கைதட்டினவர்கள் பேசுகிற பேச்சு வேறு மாதிரி இருக்கும். மேடையில் பதில் சொன்ன வாய் பஸ் நிறுத்தத்தில் மூடிக்கொள்ளும். குறவன் குறத்தி ஆட்டம் என்று ஒரு சமூகத்தின் பேரை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக ஆபாசமாக ஆடினோம். அந்த மக்கள் சொல்லிச் சொல்லி, 2023-ல்தான் அரசு அந்தப் பெயரில் ஆடுவதைத் தடை செய்தது. முறை என்று நான் கொண்டாடுகிற இதே முறையை வைத்துக்கொண்டு பதிமூன்று வயதுப் பெண்ணை முப்பது வயது மாமன் சீண்டிய வீடும் எங்கள் தெருவில் உண்டு. அந்தப் பெண் சிரிக்கவில்லை. அப்போது நாங்கள் எல்லாரும் சிரித்தோம். பழசு எல்லாம் பொன் என்று நான் எழுதினால் அவள் இதைப் படித்துவிட்டு எனக்குப் போன் போடுவாள்.

சினிமாவுக்கு வருவோம். என்.எஸ்.கே.யும் மதுரமும் சேர்ந்து வந்த காட்சிகளைப் பாருங்கள். அவர் வில்லுப்பாட்டும் நாடகமும் கண்டு வந்தவர். அவர் ஒன்று சொல்வார், மதுரம் அதைப் பிடித்து அவர் தலையிலேயே வைப்பார். பாதிக்கு மேல் தோற்பவர் அவர்தான். அதற்குப் பிறகு மனோரமா. மன்னார்குடியில் பிறந்து பள்ளத்தூரில் வளர்ந்தவர். பள்ளத்தூர் அப்போது எங்கள் பழைய ராமநாதபுரம் ஜில்லாவில் சேர்த்தி, 1985-ல்தான் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. நாடக மேடையில் ஆடிப் பாடிப் பழகிவிட்டு 1958-ல் சினிமாவுக்கு வந்த அந்த வாயிடம் எந்தப் பெரிய நடிகரும் ஜாக்கிரதையாகத்தான் பேசினார்கள்.

கவுண்டமணி செந்தில் வேறு கதை. அவர்கள் காட்சியில் அடியும் திட்டும் நிறைய. உருவத்தைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து வைகிற வசவு நிறைய. அதைச் சரி என்று சொல்ல வரவில்லை. ஆனால் செந்திலைக் கவனியுங்கள். முதுகுளத்தூர்ப் பக்கம் இளஞ்செம்பூர்க்காரர், எங்கள் மாவட்டத்துப் பிள்ளை என்பதால் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் இருக்கலாம். 1989-ல் வந்த ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழக் காட்சியில் அடி வாங்குகிறவர் செந்தில். தோற்றுப் பைத்தியம் பிடித்து நிற்கிறவர் கவுண்டமணி. மிச்சம் இருக்கிற ஒரு பழத்தைப் பற்றிச் செந்தில் சொல்கிற பதிலை உலகத்தில் யாராலும் மறுக்க முடியாது. அடி வாங்கிக்கொண்டே ஜெயிக்கிறது ஒரு கலை. வாழைப்பழத்தை வைத்து அத்தனை நேரம் சிரிக்க வைத்தார்கள், அது வாழைப்பழமாகவே இருந்தது என்பதையும் கவனியுங்கள். இன்றைக்கு ஒரு எழுத்தாளர் கையில் இரண்டு வாழைப்பழத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே பயமாக இருக்கிறது.

2015-க்குப் பிறகு ‘அடல்ட் காமெடி’ என்று பெயரே போட்டு ‘ஏ’ சான்றிதழோடு சில படங்கள் வந்தன. கோபப்படாமல் சொல்கிறேன், அவை எனக்குப் பெரிய தொந்தரவாக இல்லை. வாசலிலேயே போர்டு மாட்டியிருக்கிறார்கள். பபூன் கும்பிட்ட மாதிரிதான். விருப்பமில்லாதவர் டீ குடிக்கப் போகலாம். நானும் என் வீட்டுக்காரரும் அதில் ஒன்றைப் பிள்ளைகள் தூங்கின பிறகு போனில் பார்த்தோம். இரண்டு இடத்தில் நிஜமாகவே சிரித்தேன். மிச்ச நேரம் தூக்கம் வந்தது. அந்தப் பெண்கள் எல்லாம் அழகாக வந்து அழகாக நிற்கிறார்கள், ஒருத்தி வாயிலும் நகைச்சுவை கிடையாது. பத்துப் பன்னிரண்டு ஆம்பளை ஜோக்குக்கு நடுவில் ஒரு பொம்பளை ஜோக் கூட இல்லாமல் எப்படிப் படம் எடுக்க முடிகிறது? சின்னப்பாலத்து வள்ளத்தில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் போதுமே.

எனக்குத் தொந்தரவு ‘யு’ வாங்கிய படங்களும் ‘யு/ஏ’ வாங்கிய படங்களும்தான். 1991-ல் மத்திய அரசு தணிக்கைக் குழுவுக்குக் கொடுத்த வழிகாட்டுதலில், கீழான உணர்ச்சிகளைத் தூண்டுகிற இரட்டை அர்த்த வார்த்தைகளை அனுமதிக்கக் கூடாது என்று தனியாக ஒரு விதியே இருக்கிறது. பெண்களை இழிவுபடுத்தும் காட்சிகளும் கூடாது என்கிறது அடுத்த விதி. முப்பது வருடத்துக்கு மேலாக அந்தக் காகிதம் இருக்கிறது, மாம்பழமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2011-க்குப் பிறகு கேளிக்கை வரிவிலக்கு வேண்டுமானால் ‘யு’ வாங்கியிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வந்தது. 2017-ல் ஜி.எஸ்.டி. வரும் வரைக்கும், ‘யு’ என்பது காசு. வார்த்தையை அப்படி இப்படி மாற்றி, வாயசைவை மட்டும் விட்டு, ‘யு’ வாங்குகிற வித்தை அந்தக் காலத்தில் நன்றாக வளர்ந்தது என்பது என் கணிப்பு. இப்போது ‘யு/ஏ’வையே 7, 13, 16 என்று மூன்று வயதாகப் பிரித்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கூடத்தில் என் அப்பாவும் தம்பி பெண்டாட்டியும் ஒன்றாக உட்கார்ந்திருப்பதற்கு எந்த எண் போடுவார்கள்? அவர்களுக்கு வயது வந்துவிட்டது. முறைதான் இடிக்கிறது.

இன்னொரு கூத்து. திருவிழாவில் ஆடல் பாடல் நிகழ்ச்சி வைக்க அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போவது எங்கள் பக்கத்துக் கமிட்டிக்காரர்களுக்கு வழக்கமான வேலை. அனுமதி வரும்போது நிபந்தனையும் வரும்: ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டுக் கூடாது. பந்தலில் ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஒலிபெருக்கியில் ஓடுவது தணிக்கைச் சான்றிதழ் வாங்கிய சினிமாப் பாட்டு. எந்த வரியில் எழுந்து நிறுத்தச் சொல்வது என்று தெரியாமல் அவர் பாவம், முறுக்குத் தின்றுகொண்டிருப்பார்.

இதையெல்லாம் விட்டுவிட்டு என் கதையைச் சொல்கிறேன். ராமநாதபுரத்தில் கல்லூரி, பாம்பனிலிருந்து தினமும் பஸ். நான் கறுப்பு. அம்மா வீட்டில் கருவாடு காயப்போடுவதால் துணியில் கொஞ்சம் வாசம் இருக்கும். தெருவில் என்னை எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாமன் மகன் ஒருவன் என்னைக் ‘காரல் கருவாடு’ என்பான். நான் அவனைச் ‘சொறி முத்து’ என்பேன், அவன் காலில் சொறி உண்டு. கணக்குத் தீர்ந்துவிடும்.

ஒரு நாள் பஸ்ஸில், முகம் தெரிந்த, பெயர் தெரியாத ஒரு பையன் என்னைப் பார்த்து ஒரு வசனம் சொன்னான். அப்போது ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்த படத்தில், கறுப்பான தடித்த பெண் ஒருத்தியைப் பார்த்து நகைச்சுவை நடிகர் சொல்வது. படம் பெயர் வேண்டாம், வசனமும் வேண்டாம். எழுதினால் நீங்களும் சிரித்துவிடுவீர்கள், அவ்வளவு நன்றாக எழுதின வசனம். அதே ஏற்ற இறக்கத்தோடு சொன்னான். பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டர் சிரித்தார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தோழியும் ஒரு நொடி சிரித்துவிட்டு, பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பத்தாவிடம் வளர்ந்த எனக்கு வாய் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஒரு சொல் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அவன் பேசியிருந்தால் நான் திருப்பியிருப்பேன். அவன் பேசவில்லையே. திரையில் ஒருத்தர் ஏற்கெனவே பேசிவிட்டார், ஊரே கைதட்டிவிட்டது, அந்தத் திரைப் பெண் பதில் சொல்லாமல் போயும்விட்டாள். அவன் டேப்பைத் தட்டிவிட்டான், அவ்வளவுதான். டேப்போடு யார் சண்டை போடுவது? படத்தில் அவளுக்கு ஒரு வரி எழுதியிருந்தால், ஒரே ஒரு வரி, அன்றைக்கு எனக்கு அது கிடைத்திருக்கும். அவனுக்குச் சினிமா வசனம் கொடுத்தது, எனக்குக் கொடுக்கவில்லை.

அந்த மாதிரி பதில் எழுதப்படாதவர்கள் பட்டியல் நீளம். திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்த முதல் மாநிலம் தமிழ்நாடு, 2008-ல். அதற்குப் பிறகும் எத்தனையோ படங்களில் அவர்கள் வருவது ஒரு கைதட்டலுக்கும் நாயகன் முகம் சுளிப்பதற்கும் மட்டும்தான். ராமநாதபுரம் பஸ் நிலையத்தில் நான் பார்த்த திருநங்கை ஒருவரிடம் ஒரு குடிகாரன் வம்பு பண்ணினான். அவர் திருப்பிக் கொடுத்ததில் அந்த ஆள் ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு வேறு பஸ்ஸில் ஏறிப் போனான். சினிமாக்காரர்கள் யாரும் அங்கே இல்லை. அவர்கள் பஸ்ஸில் போவதில்லை என்று நினைக்கிறேன்.

அப்பத்தா இப்போது இல்லை. போன வருடம் பௌர்ணமி வேலை நாள் ஒன்றில் அம்மாவோடு சின்னப்பாலம் போயிருந்தேன். மத்தியானம் வள்ளம் திரும்பியிருந்தது. பெண்கள் ஈரத் துணியோடு உட்கார்ந்து மூட்டையைப் பிரித்துப் பாசியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி போனை எடுத்து ஒரு துண்டு வீடியோ காட்டினாள். ஏதோ புதுப் படம். நாயகன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தன் ‘வண்டி’யின் பெருமையைச் சொல்கிறான், எதிரே நிற்கிற பெண் வெட்கப்படுகிறாள். டொய்ங்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பெரிய அயித்தை விரலில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டே, “சத்தந்தான்டி பெருசா இருக்கும். மணல் தீடை தாண்டுறதுக்குள்ள டீசல் தீந்து, துடுப்பு இருக்கான்னு கேட்டு நிப்பான்” என்றாள்.

அப்புறம் அங்கே யாரும் பாசியைத் தொடவில்லை. ஒருத்தி மணலில் சாய்ந்துவிட்டாள். புதுப் பெண் போனைக் கீழே போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். இன்னொருத்தி, “எங்க வீட்டுல இஞ்சின் எடுக்குறதுக்கே கயித்த நாலு தரம் இழுக்கணும்” என்று ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து எடை போடுகிற கணக்குப்பிள்ளை தராசோடு வந்துவிட்டார். அறுபது வயது, நெற்றியில் பட்டை, எல்லாருக்கும் அண்ணன் முறை. சட்டென்று அத்தனை பேரும் சேலையைச் சரிசெய்துகொண்டு பாசிக்குள் தலையைக் குனிந்தார்கள்.

“என்னத்தா, ஒரே சிரிப்பாணியா இருக்கு?”

“ஒண்ணுமில்லண்ணே. இஞ்சின் ரிப்பேரு. அதத்தான் பேசிக்கிட்டு இருந்தோம்” என்றாள் அயித்தை, முகத்தில் ஒரு சுருக்கம் கூட மாறாமல்.

அவர் தராசைக் கீழே வைத்தார். நிஜமான கவலையோடு, “யாரு படகுத்தா? முன்னாடியே சொல்லிருக்கலாம்ல. மண்டபத்துல நமக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கு ஒருத்தன் இருக்கான், கை வச்சா அஞ்சு நிமிசத்துல எடுத்துக் குடுத்துருவான். வரச் சொல்லவா?” என்றார்.